சூத்திரத்துக்கு முன் ஒரு குதிரை

புள்ளியியல் நடத்தத் தொடங்கிய காலத்தில் பாய்சான் பரவலுக்கு நான் ஒதுக்கியது ஒரே வகுப்பு. அரிதான ஒரு நிகழ்வு குறிப்பிட்ட காலத்தில் எத்தனை முறை நடக்கலாம் என்பதன் நிகழ்தகவைச் சொல்வது அது. வரையறை, சூத்திரம், நிரூபணம், கடைசியில் இரண்டு கணக்குகள். எல்லாரும் ஒழுங்காக எழுதிக்கொண்டார்கள். ஒருவர் முகத்திலும் களை இல்லை. பாடமே வறட்சி, நான் என்ன செய்வது என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். வண்ணப் படங்களும் நகைச்சுவையும் சேர்த்துப் பார்த்தேன். சிரித்துவிட்டு மறுபடி தூங்கினார்கள்.

இப்போது குதிரையிலிருந்து தொடங்குகிறேன். 1898-ல் புள்ளியியலாளர் போர்ட்கீவிச் வெளியிட்ட நூலில், பிரஷ்ய ராணுவத்தில் குதிரை உதைத்து இறந்த வீரர்களின் கணக்கு இருக்கிறது. அதிலிருந்து பாடநூல்கள் வழக்கமாக எடுத்தாள்வது 10 படைப்பிரிவுகள், 20 ஆண்டுகள். ஒரு பிரிவின் ஓர் ஆண்டுக் கணக்கு ஒரு பதிவு, ஆக 200 பதிவுகள். மொத்தச் சாவு 122. "ஒருவர்கூட இறக்காத பதிவுகள் எத்தனை இருக்கும்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நிற்பேன். விடையைத் தாளில் எழுத வேண்டும். வாயால் சொல்லவிட்டால் முதல் வரிசையில் மூன்று பேர் வகுப்பை நடத்தி முடித்துவிடுவார்கள். தாளில் எழுதிவிட்டாலோ, அந்த எண்ணின் மேல் அவரவருக்கு ஒரு பிடிவாதம் வந்துவிடுகிறது. எனக்கு வேண்டியது அந்தப் பிடிவாதம்தான்.

200-ல் 122 போக 78 என்று எழுதுகிறவர்கள் எப்போதும் உண்டு. உண்மையில் 109. ஒரு பதிவுக்குச் சராசரி 0.61 சாவு, அதைப் பாய்சான் சூத்திரத்தில் போட்டால் 108.7 வருகிறது. அந்த இடத்தில் வகுப்பில் ஒரு சலசலப்பு எழும்.

அடுத்த கேள்வி இன்னும் ருசியானது. ஒரே ஆண்டில், ஒரே பிரிவில் நான்கு பேர் இறந்த பதிவு ஒன்று இருக்கிறது. அந்தப் பிரிவின் அதிகாரி அசட்டையாக இருந்திருப்பார் என்று உடனே தீர்ப்பு வழங்குவார்கள். கணக்கிடச் சொல்வேன். அப்படிப்பட்ட பதிவு 200-ல் சுமார் 0.6 வரலாம் என்கிறது சூத்திரம். ஒன்று வந்ததில் அதிசயம் இல்லை. குற்றம் சாட்டியவர்களே, சற்றுச் சங்கடத்தோடு, "இந்தச் சூத்திரம் எங்கிருந்து வந்தது?" என்று கேட்பார்கள். அதன் பிறகுதான் நிரூபணம். அதில் ஒரு வரியைக்கூட நான் குறைக்கவில்லை.

இதற்கு இரண்டு வகுப்புகள் ஆகின்றன. பாடத்திட்டம் முடியுமா என்று சக ஆசிரியர்கள் கேட்பது நியாயம்தான். எல்லாத் தலைப்புக்கும் குதிரை கிடைக்காது. பருவத்துக்கு நான்கைந்து இடங்களில் மட்டும் இப்படிச் செய்கிறேன். மற்றவை பழையபடி கரும்பலகையில்தான் நடக்கின்றன.