எர்த் எங்க கொடுத்தாலும் எர்த்தா? பழைய காருக்கு என்ஜின் மாத்துறவங்க கவனத்துக்கு

டேஷ்போர்டு அடியில ஒயர் கருகி, கயிறு கட்டி இழுத்துட்டு வந்த அம்பாசிடர், இந்தக் கோடையில இது மூணாவது. மூணுக்கும் ஒரே ஜாதகம்தான். பழைய என்ஜினை இறக்கிட்டு, சென்னை புதுப்பேட்டை பழைய சாமான் கடையில வாங்கின எம்பிஎஃப்ஐ பெட்ரோல் என்ஜினை, அதாவது கார்ப்பரேட்டருக்குப் பதிலா இன்ஜெக்டர் பெட்ரோல் பீச்சுற என்ஜினை, ஏத்தியிருக்காங்க. பெயிண்ட் பளபளன்னு இருக்கு, சீட் புதுசாத் தச்சிருக்கு. ஒயரிங் மட்டும் ஒரே சாயங்காலத்துல முடிச்ச வேலை. கேட்டா, "நல்லாத்தான் ஓடிக்கினு இருந்துச்சு, திடீர்னு இன்னா ஆச்சுன்னே தெரியலண்ணே"ன்னு பதில்.

திடீர்னு எதுவும் ஆகலை. அந்த ஒயர் மாசக்கணக்கா வெந்துக்கிட்டிருந்தது. கத்திரி வெயில்ல, பெங்களூர் ரோட்டு நெரிசல்ல, ஃபேனும் ஹெட்லைட்டும் சேர்ந்து ஓடின ஒரு நாள்ல தோல் உருகிடுச்சு. அவ்வளவுதான்.

முதல்ல காகித விஷயத்தைச் சொல்லிடறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி என்ஜின் மாத்த ஆர்டிஓ அனுமதி வேணும். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கு. உங்க வண்டி டிஎன் 23 ஆகட்டும், 73 ஆகட்டும், 83 ஆகட்டும்: 15 வருஷம் கழிச்சு ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது பிளாக்குல இருக்கிற நம்பரைத்தான் முதல்ல பார்ப்பாங்க. என்ஜினைத் தூக்குறதுக்கு முன்னாடி போய்க் கேளுங்க, தூக்கின பிறகு இல்லை.

இப்ப எரிச்சலூட்டுற விஷயத்துக்கு வர்றேன். "எர்த் தானே, பாடியில எங்க வேணும்னாலும் ஒரு ஸ்க்ரூ போட்டு முறுக்கிடலாம்." இந்த ஒரு வரியால வீணாப்போன ஈசியூக்களை, அதாவது என்ஜினை நடத்துற கம்ப்யூட்டர் பெட்டிகளை, அடுக்கினா ஒரு அலமாரி நிறையும்.

பேட்டரியிலிருந்து கிளம்புற கரண்ட் அத்தனையும் பேட்டரிக்கே திரும்பி வந்தாகணும். போற வழிக்கு நல்ல ஒயர் போடுறீங்க, திரும்பி வர்ற வழியை, அதாவது எர்த்தை, அதிர்ஷ்டத்துக்கு விட்டுடறீங்க. என்ஜின் ரப்பர் மவுண்ட் மேல உட்கார்ந்திருக்கு. ரப்பர் வழியா கரண்ட் போகாது. பழைய என்ஜினை இறக்கும்போது பிளாக்குக்கும் பாடிக்கும் நடுவுல இருந்த பின்னல் பட்டையைக் கழட்டி ஓரமா வைக்கிறீங்க, திரும்பப் போட மறந்துடறீங்க. செல்ஃப் அடிக்கும்போது 150 ஆம்பியர் சுலபமா ஓடும். அதுக்கு நேர்வழி இல்லைன்னா எது இரும்பா இருக்கோ அதுல ஏறிப் போகும். ஆக்சிலரேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள், எல்லாமே அதுக்கு ஒயர்தான். ஆக்சிலரேட்டர் கேபிளோட உள் உறை உருகினா, மிதிச்ச இடத்திலேயே கேபிள் பிடிச்சு நின்னுடும். ரோட்டுல அப்படி நின்னா என்ன ஆகும்னு நான் எழுத வேண்டியதில்லை.

இதுக்காவது புகை வரும், கண்ணுக்குத் தெரியும். சென்சார் எர்த்ல நடக்கிறது அதைவிட மோசம், ஏன்னா தெரியவே தெரியாது. என்ஜினோட ஒயரிங் செட்ல சென்சார்களுக்குன்னு தனியா ஒரு எர்த் ஒயர் இருக்கும், அது ஈசியூவுக்குள்ளதான் போய் முடியும். அதை வெட்டி பாடியில முறுக்குறாங்க. பக்கத்து போல்ட்டுலயே ரேடியேட்டர் ஃபேனோட எர்த்தும் இருக்கும். ஃபேன் இழுக்கிறது 15 ஆம்பியர். துருவும் பெயிண்டும் சேர்ந்த அந்த இடத்துல 20 மில்லி ஓம் தடை இருந்தாப் போதும், அந்த எர்த்தே 0.3 வோல்ட் அளவுக்கு ஏறிடும். 12 வோல்ட் பல்புக்கு அது ஒண்ணுமில்லை. 5 வோல்ட்ல வேலை செய்யற சென்சாருக்கு அது ரொம்ப அதிகம். என்ஜின் உறிஞ்சுற காத்தோட அழுத்தத்தைப் பார்க்கிற மேப் சென்சார், அழுத்தம் கூடியிருக்குன்னு சொல்லும், தண்ணி சூட்டைப் பார்க்கிற சென்சார் என்ஜின் இன்னும் குளிர்ச்சியா இருக்குன்னு சொல்லும். ரெண்டுமே ஒரே பக்கம்தான் தள்ளும்: ஈசியூ பெட்ரோலைக் கூட்டிடும். கறுப்புப் புகை, மைலேஜ் பாதி. உடனே பிளக் மாத்து, இன்ஜெக்டர் கழுவு, ஆக்சிஜன் சென்சார் மாத்துன்னு ஆயிரக்கணக்குல செலவு. குறை ஒரு ஸ்க்ரூவுல.

வீட்டுலயே ஒரு சோதனை பண்ணலாம். இரவுல ஹெட்லைட்டைப் போட்டதும் டெம்பரேச்சர் முள் ஒரு கோடு ஏறுதா? இண்டிகேட்டர் மினுக்கும்போது பெட்ரோல் முள்ளும் சேர்ந்து ஆடுதா? வண்டி சூடாகலை, உங்க எர்த் சரியில்லை.

சரியான முறை இதுதான். பேட்டரி நெகட்டிவ்லேர்ந்து நேரா என்ஜின் பிளாக்குக்கு 25 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) கேபிள், முடிஞ்சா செல்ஃப் மோட்டார் போல்ட்டுக்கே. பிளாக்லேர்ந்து பாடிக்கு 16 ஸ்கொயர் பட்டை. பேட்டரி நெகட்டிவ்லேர்ந்து பாடிக்கு 10 ஸ்கொயர். ஈசியூ எர்த் ஒயர்கள் அந்த என்ஜின்ல முதல்ல எங்க இருந்ததோ அதே போல்ட்டுக்கே போகணும். லக் (ஒயர் முனையில நசுக்கி மாட்டுற வளையம்) உட்கார்ற இடத்துல பெயிண்டைச் சுரண்டி இரும்பு பளிச்னு தெரியணும், நட்சத்திர வாஷர் போட்டு இறுக்கணும், அப்புறம்தான் மேல வாசலின் தடவணும். முதல்லயே தடவிட்டு இறுக்காதீங்க.

போட்ட பிறகு அளந்து பாருங்க. என்ஜின் பிடிக்காம இருக்க, பெட்ரோல் பம்ப்பை ஆன் பண்ற ரிலே ஸ்விட்சைப் பிடுங்கிட்டு, மல்டிமீட்டரோட கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவ் ஈயக் கம்பத்து மேலேயே வைங்க, கிளாம்ப் மேல இல்லை. சிவப்பை பிளாக்ல சுத்தமான இடத்துல வைங்க. செல்ஃப் அடிக்கும்போது 0.3 வோல்ட்டுக்கு மேல காட்டக் கூடாது. ரிலேயைத் திரும்பப் போட்டு, ஹெட்லைட்டும் ஃபேனும் ஓடும்போது பாடியில 0.1க்குள்ள இருக்கணும். சாவி ஆன்ல சென்சார் எர்த்ல 0.05க்குள்ள. இந்த மூணையும் அளக்க பத்து நிமிஷம் போதும். அளக்காம வண்டியை வெளியே விடற எலெக்ட்ரீஷியன்கிட்ட வண்டியைக் கொடுக்காதீங்க.

அடுத்தது பழைய பழக்கம் ஒண்ணு. வண்டி ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழட்டி, "பார், நிக்கலை, சார்ஜ் ஆகுது"ன்னு காட்டுறது. டைனமோ காலத்து வித்தை அது. ஆல்டர்னேட்டர் இருக்கிற வண்டியில பேட்டரியைப் பிடுங்கின நொடியில மின்னழுத்தம் 60 வோல்ட்டைத் தாண்டிக்கூட எகிறும். ஈசியூ அதோட முடிஞ்சுது. தம்பிகளா, மீட்டர் முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்குது. 13.8லேர்ந்து 14.4 வரைக்கும் காட்டினா சார்ஜ் ஆகுது, டெர்மினல்ல கை வைக்க வேண்டாம். அதே மாதிரி, மவுண்ட் வெல்டிங் வைக்கும்போது பேட்டரி ரெண்டு டெர்மினலையும் கழட்டி, ஈசியூ கப்ளரையும் பிடுங்கி வைங்க. சென்சார் ஒயர்ல டெஸ்ட் லேம்ப் வைக்கவே கூடாது.

டைனமோ இருந்த வண்டியில ஆல்டர்னேட்டர் ஏத்தும்போது டைனமோ சார்ஜைக் கட்டுப்படுத்தின பழைய கட்-அவுட் பெட்டியை முழுசா விலக்கிடுங்க. டேஷ்போர்டுல ஆம்பியர் மீட்டர் இருந்தா அதையும் வழியிலிருந்து எடுத்துடுங்க. 30 ஆம்பியருக்குச் செஞ்ச மீட்டர் வழியா 55 ஆம்பியர் ஆல்டர்னேட்டரை ஓட்டினதுதான் இப்ப வந்த வண்டியில கருகின இடம். ஆல்டர்னேட்டர்லேர்ந்து கரண்ட் வெளியே வர்ற பி பிளஸ் முனையிலேர்ந்து 10 ஸ்கொயர் ஒயர், நடுவுல 80 ஆம்பியர் ஃபியூசோட, நேரா பேட்டரிக்குப் போகணும். இன்னொண்ணு: ஆல்டர்னேட்டரோட எல் முனைக்குப் போற சார்ஜிங் லைட்டுல 2.2 வாட் பல்பே இருக்கட்டும். அழகுக்கு எல்இடி மாத்தினா ஆல்டர்னேட்டர் எழும்பாது. அப்புறம் "ஆல்டர்னேட்டர் போச்சு"ன்னு வருவீங்க.

ஃபியூஸ் காப்பாத்துறது ஒயரை, சாமானை இல்லை. பழைய லூகாஸ் கண்ணாடி ஃபியூஸ்ல 35ன்னு போட்டிருந்தா அது எரியற அளவு. தொடர்ந்து தாங்குறது 17தான். அதை எடுத்துட்டு அதே 35ல பிளேடு ஃபியூஸ் போடறவங்க பாதுகாப்பைப் பாதியாக் குறைச்சுட்டாங்கன்னு அர்த்தம். அந்த இடத்துக்கு 15 போதும். பேட்டரியிலேர்ந்து வர்ற எந்த ஒயருக்கும் ஃபியூஸ் ஒரு சாணுக்குள்ள இருக்கணும், டேஷ்போர்டுக்குப் போன பிறகு இல்லை. வீட்டு ஒயரிங்ல மிஞ்சின ஒயரைக் காருக்குப் போடாதீங்க. பானெட் சூட்டுக்கும் அதிர்வுக்கும் அது செஞ்சதில்லை. ஃபேனுக்கு 4 ஸ்கொயர், 30 ஆம்பியர் ஃபியூஸ், தனி ரிலே. பம்ப்புக்கு 2.5 ஸ்கொயர், 15 ஆம்பியர்.

பம்ப்னு சொன்னதும் ஒரு வேண்டுகோள். கார்ப்பரேட்டர் வண்டியோட மெக்கானிக்கல் பம்ப் தர்ற அழுத்தம் 0.2, 0.3 பார். இன்ஜெக்‌ஷனுக்கு ஏறக்குறைய 3 பார். பழைய ரப்பர் குழாயும் ஸ்க்ரூ கிளிப்பும் அந்த அழுத்தத்தைத் தாங்காது. இன்ஜெக்‌ஷன் வண்டிக்கான குழாயே வாங்குங்க. பம்ப்பை சாவியில நேரா இணைக்காதீங்க. ஈசியூவோட ரிலே வழியாப் போனா, என்ஜின் நின்ன ஓரிரு நொடியில பம்ப்பும் நிக்கும். சாவியில நேரா இணைச்ச வண்டி மோதி, குழாய் அறுந்தா, சூடான சைலன்சர் மேல பெட்ரோல் பீச்சிக்கிட்டே இருக்கும். உள்ளே உங்க பிள்ளைங்க உட்கார்ந்திருப்பாங்க. இதுல மட்டும் தயவு செஞ்சு மிச்சம் பிடிக்காதீங்க.

என்ஜின் வாங்கும்போதே பாதி ஒயரிங் தீர்மானம் ஆயிடுது. டேஷ்போர்டு பக்கம் கத்தியால வெட்டின ஒயரிங் செட் மலிவா வரும், வாங்காதீங்க. கப்ளர் கப்ளரா கழட்டின முழு செட், ஈசியூ, ரிலே பெட்டி, ஆக்சிலரேட்டர் எலக்ட்ரானிக்கா இருந்தா பெடல், எல்லாம் ஒரே வண்டியிலேர்ந்து வரணும். பல மாருதி வண்டிகள்ல ஐகாட்ஸ்ங்கிற திருட்டுத் தடுப்புப் பூட்டு இருக்கு. அந்த வண்டியோட சாவியும் அதோட பெட்டியும் இல்லாம ஈசியூ வெறும் டப்பா. கார்ப்பரேட்டர் வண்டி மெக்கானிக்குங்க அதிகமாத் தவற விடறது இதைத்தான்.

செல்ஃப் அடிக்கும்போது பிடிக்காம, சாவியை விடற நொடியில மட்டும் என்ஜின் ஒரு உறுமல் உறுமினா, ஈசியூவோட இக்னிஷன் சப்ளையை ரேடியோ லைன்லேர்ந்து எடுத்திருக்கீங்க. செல்ஃப் அடிக்கும்போது அந்த லைன் செத்துடும். செல்ஃப்லயும் உயிரோட இருக்கிற இக்னிஷன் முனைக்கு மாத்துங்க. அதுவும் நேரா இல்லை, ரிலேக்குத் தூண்டலா மட்டும். 40 வயசு இக்னிஷன் ஸ்விட்ச் இவ்வளவு சுமையைத் தாங்காது. பழைய டெம்பரேச்சர் மீட்டருக்கு சூட்டை உணர்ற அதோட பழைய சென்டரையே (sender) தனியா மாட்டுங்க, ஈசியூ சென்சார்லேர்ந்து கிளை எடுக்காதீங்க. என்ஜின் சுத்துறதைப் பார்க்கிற கிராங்க் சென்சாரோட கவச ஒயரை ஈசியூ பக்கம் மட்டும் எர்த் பண்ணி, பிளக் ஒயர்கிட்ட போகாம கொண்டு போங்க. ஈசியூவை உள்ளே, டேஷ்போர்டு பின்னால உயரத்துல மாட்டுங்க. கால் வைக்கிற மேட்டுக்கு (mat) அடியில வச்சா முதல் மழையிலேயே குளிச்சுடும்.

முறுக்கி டேப் சுத்துற ஜாயிண்ட் நம்ம ஊர் வெயிலுக்கு ஒரு சித்திரை தாண்டாது. பசை உருகி வழிஞ்சு டேப் தானா அவிழும். சரியான கிரிம்ப் (கருவியால நசுக்கிப் பிடிக்கிற ஜாயிண்ட்), மேல பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினா சுருங்கிப் பிடிக்கிற குழாய்). தகடுல துளை போட்டா ரப்பர் குரோமெட் (துளை விளிம்புக்குப் போடற வளையம்) இல்லாம ஒயரை விடாதீங்க.

முதல் தடவை பேட்டரி கொடுக்கும்போது நெகட்டிவ் டெர்மினலை நேராப் போட வேண்டாம். டெர்மினலுக்கும் கேபிளுக்கும் நடுவுல ஒரு 21 வாட் பல்பைத் தொடரா வைங்க. கதவெல்லாம் மூடி, எல்லா ஸ்விட்சும் ஆஃப், சாவியும் ஆஃப். பல்பு ஒரு மினுக்கு மினுக்கி அணைஞ்சா நல்லது. பளிச்னு எரிஞ்சுக்கிட்டே இருந்தா எங்கயோ ஷார்ட் இருக்கு. ஒயர் எரியறதுக்குப் பதிலா பல்பு எரியுது. ஃபியூஸை ஒவ்வொண்ணாப் பிடுங்கி, எதைப் பிடுங்கினா அணையுதுன்னு பாருங்க. இந்தப் பல்பு இருக்கும்போது சாவியைத் திருப்பக் கூடாது.

எல்லாம் சரியா இருந்தா ஒரு நாள் ஏலகிரிக்கு ஓட்டிப் பாருங்க. 14 கொண்டை ஊசி வளைவும் ஏறி மேல நிறுத்தினதும், என்ஜினை ஆஃப் பண்றதுக்கு முன்னாடி ஹெட்லைட்டு, ஃபேன் எல்லாம் ஓடட்டும். ஃபியூஸ் பெட்டியில ஒவ்வொரு ஃபியூசையும், ரிலே ஒவ்வொண்ணோட அடியையும் விரலால தொட்டு வாங்க. பக்கத்துல இருக்கிறதைவிட எது அதிகமாச் சுடுதோ, அதோட லக்கை ஊருக்கு வந்ததும் வெட்டிப் போட்டுட்டு புதுசா கிரிம்ப் பண்ணுங்க.