“இயற்கைதானே, ஒன்றும் செய்யாது”: வீட்டு வாசனை ஸ்பிரே பற்றி ஒரு மருந்தாளரின் புலம்பல்

சிங்கப்பூரில் தேக்காப் பக்கம் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளராக இருக்கிறேன். கொஞ்ச காலமாக ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்து என் பொறுமையைச் சோதிக்கிறது. “நீலகிரித் தைலம், டீ ட்ரீ எண்ணெய், கொஞ்சம் கற்பூரம், மூன்றையும் தண்ணீரில் கலந்து குழந்தை அறையில் அடிக்கலாமா? எல்லாம் இயற்கைதானே?” இப்படிக் கேட்பவர்களாவது பரவாயில்லை. கேட்காமலே அடித்துவிட்டு, அப்புறம் இருமல் மருந்து வாங்க வருபவர்களை என்ன செய்வது?

அண்மையில் வந்த ஓர் அம்மா அப்படித்தான். கைக்குழந்தைக்கு இருமல் நிற்கவில்லை, சிரப் கொடுங்கள் என்றார். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே உள்வாங்குகிறதா என்று கேட்டேன். “லேசா” என்றார். வீட்டில் புதிதாக ஏதாவது பயன்படுத்துகிறீர்களா என்றதும் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். அழகான கண்ணாடிப் புட்டி, அதில் லேவண்டர் படம் போட்ட ஒட்டுத்தாள். மேலே எண்ணெய் தனியாக மிதக்கிறது. கூடவே பூஜைக் கற்பூர வில்லை ஒன்று பாதி கரைந்து கிடக்கிறது. தலையணை, தொட்டில் துணி, ஏர்கான் முகப்பு என்று ராத்திரி எல்லா இடத்திலும் அடித்திருக்கிறார், சன்னலை மூடிவிட்டு. நான் சிரப் கொடுக்கவில்லை. உடனே டாக்ஸி பிடித்து மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள், அந்தப் படத்தை டாக்டரிடம் காட்டுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

அவரைத் திட்ட மனம் வரவில்லை. ரசாயனம் வேண்டாம் என்று கடை ஸ்பிரேயைத் தூக்கிப் போட்டவர் அவர். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த நல்ல எண்ணத்துக்கு அடியில் இருக்கும் நம்பிக்கையைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை.

அரளி விதையும் இயற்கைதான். எட்டிக்காயும் இயற்கைதான். நம் பாட்டிமார் அதைக் குழந்தைகள் பக்கமே அண்டவிடாமல் வளர்த்தார்கள். லேவண்டரும் டீ ட்ரீயும் அந்த அளவுக்கு விஷம் என்று சொல்ல வரவில்லை. செடியிலிருந்து வந்ததாலேயே ஒன்று பத்திரமானது ஆகிவிடாது என்பதுதான் விஷயம். இன்னும் சொன்னால், செடி இந்த எண்ணெயை நம் படுக்கையறை மணப்பதற்காகத் தயாரிக்கவில்லை. பூச்சியும் பூஞ்சையும் தன்னைத் தின்றுவிடாமல் இருக்கத்தான் பெரும்பாலும் தயாரிக்கிறது. நாம் அதை இலையாகவும் பயன்படுத்துவதில்லை. ஒரு கிலோ ரோஜா எண்ணெய் எடுக்க மூன்று, நான்கு டன் இதழ் வேண்டும். முகர்ந்து பார்க்கும் ஒரு ரோஜாப்பூ வேறு, அந்த எண்ணெயின் ஒரு சொட்டு வேறு. “எங்க ஊர்ல நொச்சி இலை போட்டு ஆவி பிடிப்போமே” என்று வாதாடுபவர்களுக்கும் இதே பதில்தான். இலை ஒரு கைப்பிடி. புட்டியில் இருப்பது ஒரு மூட்டையின் சாரம்.

கற்பூரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். “சர்க்கரைப் பொங்கலில் பச்சைக் கற்பூரம் போடுகிறோமே!” போடுகிறோம், கடுகளவு, ஒரு பானைக்கு. கற்பூரம் மூளையையும் நரம்பையும் நேரடியாகத் தாக்கும். சின்னக் குழந்தை ஒரு வில்லையை மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொண்டால் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குக் கற்பூரம் சேர்ந்த மார்புத் தைலம்கூடத் தடவக் கூடாது என்று டப்பாவிலேயே எழுதியிருக்கும். தடவவே கூடாததை ராத்திரி முழுக்கச் சுவாசிக்க வைக்கிறோம். மென்தாலும் அப்படித்தான், கைக்குழந்தையின் மூக்கருகே போனால் குரல்வளை இறுகி மூச்சே தடைபடலாம்.

கோடாலித் தைலத்தைச் சில சொட்டு ஸ்பிரேயில் விடுகிறோம் என்கிறார்கள். சிங்கப்பூர்த் தைலம், ஊருக்குப் போகும்போது பெட்டி நிறைய வாங்கிப் போகும் தைலம், எனக்கும் பிடித்த தைலம். ஆனால் அது தோலில் தடவ. அதில் மென்தால், கற்பூரம், நீலகிரித் தைலம் எல்லாம் உண்டு. மெத்தில் சாலிசிலேட்டும் உண்டு. கலக்காத மெத்தில் சாலிசிலேட் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி, சுமார் 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமம். மாத்திரைக் கணக்கில் இருபதுக்கு மேல். ‘விண்டர்கிரீன்’ என்று அழகான பெயரில் விற்கும் எண்ணெய் கிட்டத்தட்ட முழுவதும் இதுதான். சாப்பாட்டு மேசையில் திறந்து வைத்துச் சொட்டு எண்ணிக்கொண்டிருப்பவர்கள், இடுப்பு உயரத்தில் ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதை மறக்கக் கூடாது.

இடையில் இன்னொன்று. அலமாரி வாசனைக்கு அந்துருண்டையைப் பொடித்துப் புட்டியில் போடுபவர்களும் இருக்கிறார்கள். ஐயா, அம்மா, வேண்டாம். அதில் இருக்கும் நாப்தலின், ஜி6பிடி என்ற நொதி குறைபாடுள்ள குழந்தையின் ரத்த அணுக்களை உடைத்துவிடும். இங்கே 1965 முதலே பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தத்தில் இந்தக் குறைபாட்டைச் சோதிப்பது அதனால்தான். குழந்தையின் சுகாதாரப் புத்தகத்தில் முடிவு எழுதியிருக்கும். போய் ஒரு முறை பாருங்கள்.

சரி, தண்ணீருக்கு வருவோம். எல்லாரும் எண்ணெயைப் பற்றியே பேசுகிறார்கள். அந்தப் புட்டியில் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர். நம் ஊர் வெப்பத்தில், பதனப்பொருள் எதுவும் இல்லாமல், குளியலறை அலமாரியில் மாதக்கணக்கில் நிற்கும் தண்ணீர். “லேவண்டரே கிருமியைக் கொல்லுமே, எப்படிக் கெடும்?” என்று கேட்பார்கள். இதற்குப் பதிலாக நான் எப்போதும் சொல்வது 2021இல் அமெரிக்காவில் நடந்ததை. ஜார்ஜியா, கான்சஸ், மினசோட்டா, டெக்சஸ் என்று நான்கு மாநிலங்களில் நான்கு பேருக்கு மெலியாய்டோசிஸ் வந்தது. யாரும் வெளிநாடு போகவில்லை. அது தென்கிழக்கு ஆசியா, வட ஆஸ்திரேலியா போன்ற இடங்களின் மண்ணிலும் நீரிலும் இருக்கும் பாக்டீரியாவால் வரும் நோய். சிங்கப்பூர் மருத்துவர்களுக்கு நன்றாகப் பழக்கம், அங்கே அபூர்வம். இரண்டு பேர் இறந்துபோனார்கள், அதில் ஒன்று குழந்தை. மாதக்கணக்கில் தேடியபிறகு ஜார்ஜியாவில் ஒருவர் வீட்டிலிருந்த லேவண்டர், கெமோமில் அறை ஸ்பிரேயில் அந்தக் கிருமி உயிரோடு இருந்தது தெரிந்தது. அழகுக்காக உள்ளே கற்கள் போட்ட புட்டி. அக்டோபரில் சுமார் 3,900 புட்டிகளைத் திரும்பப் பெற்றார்கள்.

லேவண்டர் எண்ணெய் கலந்த தண்ணீரிலேயே அந்தக் கிருமி வாழ்ந்தது, கவனியுங்கள். ஆய்வுக்கூடத் தட்டில் அடர்த்தியான எண்ணெய் கிருமியைக் கொல்வது உண்மை. ஒரு புட்டித் தண்ணீரில் முப்பது சொட்டு அந்த வேலையைச் செய்யாது, அதுவும் மேலே மிதந்துகொண்டிருந்தால். அந்த அமெரிக்கப் புட்டியாவது தொழிற்சாலையில் தயாரானது. நம் வீட்டுப் புட்டியில் மல்லிகைப்பூ, எலுமிச்சைத் தோல், பாண்டான் இலைத் துண்டு என்று கிருமிக்குச் சாப்பாடு வேறு போட்டுத் தருகிறோம். கொதித்து ஆறிய தண்ணீர்தான் ஊற்றினேன் என்பார்கள். நல்லது, ஆனால் புட்டியைக் கொதிக்க வைத்தீர்களா, கையை?

எண்ணெயும் தண்ணீரும் சேராது என்பதை நான் விளக்கத் தேவையில்லை. ஆனாலும் கிளிசரின் விட்டால் சேரும், உப்பு போட்டால் சேரும், சோடா உப்பு போட்டால் சேரும் என்று காணொளிகளில் கூசாமல் சொல்கிறார்கள். எதுவும் சேர்க்காது. மருந்தியல் படிக்கும்போது எண்ணெயையும் நீரையும் ஒன்றாக நிற்க வைக்க உரலும் குழவியுமாக மல்லாடியிருக்கிறோம், அதனால் இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் ரோஷம் அதிகம். குலுக்கினால் சில வினாடி கலந்த மாதிரி தெரியும். அப்புறம் ஸ்பிரேயின் குழாய் அடியிலிருந்து வெறும் தண்ணீரை உறிஞ்சும். புட்டி தீரும் நேரத்தில் கலக்காத எண்ணெயை அப்படியே பீய்ச்சும். சோபாவில் கறை, கண்ணில் எரிச்சல், பளிங்குத் தரையில் மெல்லிய எண்ணெய்ப் படலம். வயதான மாமியார் அதில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால், ஸ்பிரேயைப் பற்றி மருத்துவமனையில் யாரும் கேட்கக்கூட மாட்டார்கள்.

இதைத் தவிர்க்கத்தான் சிலர் ஸ்பிரிட் வாங்க வருகிறார்கள். தொழில்முறையில் சரியான யோசனை. நல்ல அளவு ஆல்கஹாலில் எண்ணெய் கரையும், கிருமியும் வளராது. ஆனால் நம் வீடுகளில் பூஜை மாடம் வரவேற்பறையிலேயே இருக்கிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் விருந்தாளி வருகிறார்கள் என்று அவசரமாக அறை முழுக்க அடிக்கும்போது, விளக்கு எரிந்துகொண்டிருக்கும், ஊதுபத்தி புகைந்துகொண்டிருக்கும், இன்னும் கற்பூர ஆரத்தி காட்டவேண்டியிருக்கும். 70 விழுக்காடு ஆல்கஹாலின் ஆவி நம் அறை வெப்பத்திலேயே தீப்பிடிக்கும். துளித் துளியாகத் தெளித்தால் இன்னும் சுலபம். விளக்குக்கு நேராக அடித்தால் அது ஸ்பிரே இல்லை, தீப்பந்தம். சமையலறை அடுப்புப் பக்கமும் கூடாது.

பூனை வைத்திருப்பவர்களுக்குத் தனியாக. 2024 செப்டம்பர் முதல் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இரண்டு பூனை வரை வளர்க்கலாம் என்றானபின், பூனை வாடைக்கு டீ ட்ரீ ஸ்பிரே கேட்டு வருபவர்கள் கூடியிருக்கிறார்கள். இத்தகைய எண்ணெய்களில் உள்ள பல பொருள்களைச் சிதைத்து வெளியேற்றும் நொதி பூனையின் ஈரலில் மிகக் குறைவு. அறையில் அடிப்பது அதன் ரோமத்தில் படியும், அது நாள் முழுக்க நக்கும். தள்ளாட்டம், எச்சில் வடிதல், நடுக்கம் என்றால் கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். மண்தட்டைத் தினமும் சுத்தம் செய்தால் வாடை பாதி போய்விடும்.

எலுமிச்சம்புல், சிட்ரனெல்லா ஸ்பிரே அடித்தால் டெங்கி வராது என்று நம்புபவர்களுக்கு: வாசனை சீக்கிரம் பறந்துவிடும், ஏடிஸ் கொசு காத்திருக்கும். தேசியச் சுற்றுப்புற வாரியம் பரிந்துரைப்பது டீட், பிகாரிடின், ஐஆர்3535 இவற்றில் ஒன்று உள்ள விரட்டி. டெங்கி பரவுகிறது என்று எச்சரிக்கும் சிவப்புப் பதாகை தொங்கும் புளோக்கில் இருந்துகொண்டு எலுமிச்சம்புல்லை நம்பாதீர்கள். புகைமூட்ட நாளில் சன்னலைச் சாத்திக்கொண்டு ஸ்பிரே அடிப்பதும் வீண். காற்று சுத்தமாவதில்லை, அதில் இன்னும் கொஞ்சம் பொருள் சேர்கிறது. ஆரஞ்சு, எலுமிச்சை வாசனையில் இருக்கும் லிமோனின் காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து ஃபார்மால்டிஹைடாகவும் நுண்துகளாகவும் மாறும். ஆஸ்துமா இருக்கும் வீட்டில் இது வேண்டவே வேண்டாம்.

“சாம்பிராணிப் புகையைவிட இது நல்லதுதானே?” என்று கேட்டவர்களுக்கு: குழந்தைக்கு இரண்டுமே வேண்டாம்.

இவ்வளவு சொன்னபிறகும் செய்யத்தான் போகிறீர்கள், தெரியும். அப்படியானால் முதலில் நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஏர்கான் வடிகுழாயா, காயாத துணியா, குளியலறைச் சுவர்ப் பூசணமா? அதைச் சரிசெய்தபிறகும் வாசனை வேண்டும் என்றால் 100 மில்லி புட்டி போதும், எண்ணெய் 20 சொட்டுக்கு மேல் வேண்டாம். கரைய பாலிசார்பேட் 20 என்ற திரவத்தை எண்ணெயைப்போல் நான்கு மடங்கு எடுத்து, முதலில் எண்ணெயோடு கலந்துவிட்டு அப்புறம் தண்ணீர் சேருங்கள். பூ, இலை, கல் எதுவும் உள்ளே போடாதீர்கள். குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், ஒரு வாரத்தில் கொட்டிவிடுங்கள், மிச்சத்தின் மேல் புதிதாக ஊற்றாதீர்கள். என்ன கலந்தீர்கள், எப்போது என்று ஒட்டுத்தாளில் எழுதுங்கள். பணிப்பெண் அதைத் தண்ணீர்ப் புட்டி என்று நினைத்துவிடக் கூடாது. பழைய சிட்ரஸ் எண்ணெய் காற்றுப்பட்டுக் கெட்டால் தோல் ஒவ்வாமையைக் கிளப்பும், வருடக்கணக்கில் சேர்த்து வைக்காதீர்கள். சன்னலைத் திறந்துவைத்து, ஆளில்லாத அறையில், தலையணையை விட்டுத் தள்ளி அடியுங்கள். கைக்குழந்தை தூங்கும் அறையில் எதுவும் வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன், இந்த ஒன்றையாவது கேளுங்கள்.

குழந்தை எண்ணெயை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள்; எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் அது இன்னும் மோசம். வாயைத் துடைத்துவிடுங்கள். தூக்கம், தள்ளாட்டம், இருமல், மூச்சுத் திணறல், வலிப்பு எதுவானாலும் ஆம்புலன்ஸுக்கு 995. அறிகுறி இல்லாவிட்டாலும் பொறுத்துப் பார்ப்போம் என்று உட்காராமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவியபிறகு டாக்டர். எங்கே போனாலும் புட்டியைக் கழுவிவிடாமல் அப்படியே ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துப் போங்கள்.