சொல் விளக்கம்: இராணுவ ஆலோசகர்

ஒரு நாடு தன் படை அதிகாரிகளை நட்பு நாட்டுக்கு அனுப்புகிறது. அவர்கள் அங்குள்ள படைக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள், புது ஆயுதங்களைப் பாவிக்கப் பழக்குகிறார்கள், சண்டைத் திட்டம் போடும்போதும் பக்கத்தில் இருக்கிறார்கள். இவர்களுக்குப் பத்திரிகைத் தமிழ் வைத்த பெயர் இராணுவ ஆலோசகர். யாழ்ப்பாணத்துப் பேச்சில் இவர் 'ஆமிக்கு றெயினிங் குடுக்க வந்தவர்'. பேச்சு வழக்குத்தான் உண்மைக்குக் கிட்ட நிற்கிறது என்பேன்.

இராணுவம் என்ற சொல் தெலுங்கிலும் கன்னடத்திலும் உண்டு, பழந்தமிழுக்குப் படை. ஆலோசனை வடசொல். அதற்குள் இருக்கும் லோசனம் என்றால் கண். சுலோசனா என்ற பெயரில் வருவதும் அதுவே. ஆங்கிலத்தின் 'அட்வைசர்' கூட, பழைய பிரெஞ்சு வழியாக, பார்த்தல் என்ற இலத்தீன் வேரிலிருந்து வந்ததுதான். வள்ளுவரும் 'சூழ்வார்கண் ணாக ஒழுகலான்' என்று ஆலோசனை சொல்வோரை மன்னனின் கண்ணாகவே வைக்கிறார். சூழ்தல் அன்று ஆராய்ந்து எண்ணுதல். இன்று சூழ்ச்சி என்றால் சதி, ஆகவே அந்தச் சொல்லை மீட்டெடுக்க வழியில்லை. (இந்த இடத்தில் அது பொருத்தமாகத்தான் இருக்கும் என்று சிலர் சொல்லக்கூடும்!)

ஆனால் நடைமுறையில் இந்த ஆலோசகர் கண்ணோடு நிற்பதில்லை. 1950இல் அமெரிக்கா வியட்நாமுக்கு ஒரு சிறு ஆலோசனைக் குழுவைத்தான் அனுப்பியது. 1963 முடிவில் அங்கே ஏறக்குறைய 16,000 அமெரிக்கப் படையினர் இருந்தார்கள், பெயர் அப்போதும் ஆலோசகர்தான். 1965இல் மரைன் படை டா நாங் நகரில் இறங்கிய பிறகுதான் அமெரிக்கத் தரைப்படை அணிகள் வெளிப்படையாகவே சண்டையில் இறங்கின.

இலங்கைக் கதை இன்னும் சிக்கல். 1984இல் இலங்கைப் பொலிசின் விசேட அதிரடிப்படைக்குப் பயிற்சி கொடுக்க வந்தது கே.எம்.எஸ். என்ற பிரித்தானியத் தனியார் கம்பனி. எஸ்.ஏ.எஸ். என்ற பிரித்தானியச் சிறப்புப் படைப்பிரிவில் இருந்து விலகியவர்கள் அதில் இருந்தார்கள். கம்பனி என்பதால் லண்டனுக்குக் கைகழுவ வசதி. பிறகு அந்தக் கம்பனி ஆட்கள் ஹெலிகொப்டரும் ஓட்டினார்கள். அதே காலத்தில் தமிழ் இயக்கங்களுக்கு இந்தியா பயிற்சி கொடுத்தது. அங்கே போன பெடியளையும் ஊர் 'றெயினிங்குக்குப் போனவை' என்றுதான் சொன்னது.

சரி, நல்ல தமிழ் எது? மதியுரைஞர் அழகான சொல், ஈழத்தில் வேரூன்றியும் விட்டது. ஆனால் இங்கே அதைக் கேட்டவுடன் அன்ரன் பாலசிங்கம்தான் நினைவுக்கு வருவார். அவர் விடுதலைப் புலிகளின் அரசியல் மதியுரைஞர். ஆகவே முன்னால் துறையைச் சேர்த்து, படைத்துறை மதியுரைஞர் என்று எழுதலாம். அதுவும் திட்டம் சொல்பவருக்கு மட்டும். பயிற்சி கொடுப்பவர் படைப் பயிற்றுநர். சம்பளத்துக்குச் சண்டை பிடிப்பவருக்குக் கூலிப்படையினர் என்ற பெயர் ஏற்கெனவே இருக்கிறது. ஹெலிகொப்டர் ஓட்டுபவரை விமானி என்றே எழுதுங்கள்.