நட்சத்திரக் குறியை விரிப்பது யார்?

சர்வர் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: கோப்புகளை அழிக்கும் ஆர்எம் கட்டளையை ‘ஆர்எம் *.லாக்’ என்று அடித்தால், அந்த * குறிக்குப் பொருந்தும் கோப்புகளைக் கண்டுபிடிப்பது யார்? ‘ஆர்எம்’ என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். உண்மையில் நாம் அடிக்கும் கட்டளையை வாங்கி இயக்கும் ஷெல் என்ற நிரல்தான் அந்தக் குறியைக் கோப்புப் பெயர்களாக விரித்து, பட்டியலை ஆர்எம்மிடம் கொடுக்கிறது. பொருந்தும் கோப்பு இருந்தால் * குறி ஆர்எம்மின் கண்ணிலேயே படாது. 1971இல் வந்த யூனிக்ஸ் இயங்குதளத்தின் முதல் பதிப்பில் இந்த வேலைக்கென்றே ‘குளோப்’ என்ற தனி நிரல் இருந்தது. பிறகுதான் அது ஷெல்லுக்குள் சேர்ந்தது.

நாம் எழுதும் கையேடுகளில் இந்த ஒரு விஷயம் விடுபட்டால் என்ன ஆகும் என்பதற்கு, கோப்புகளைத் தேடும் ‘ஃபைண்ட்’ கட்டளை நல்ல சான்று. ‘ஃபைண்ட் . -நேம் *.லாக்’ என்று மேற்கோள் குறி இல்லாமல் எழுதியிருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். லினக்ஸில் பரவலாக உள்ள பாஷ் என்ற ஷெல்லில் இதன் விளைவு நீங்கள் நிற்கும் டைரக்டரியைப் பொறுத்தது. அங்கே லாக் கோப்பே இல்லையென்றால் குறி அப்படியே ஃபைண்டுக்குப் போகும், தேடல் சரியாக நடக்கும். இரண்டு இருந்தால் பிழைச்செய்தி வரும். அதுவும் நல்லதுதான், தவறு உடனே தெரிந்துவிடும். ‘ஆப்.லாக்’ என்று ஒன்றே ஒன்று இருந்தால்தான் ஆபத்து. உள் டைரக்டரிகளிலும் அந்தப் பெயரை மட்டும் தேடிவிட்டு, சத்தமில்லாமல் முடிந்துவிடும். லாக் கோப்புகளைத் தேடி அழிக்க, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானில் இப்படிப் போட்ட ஸ்கிரிப்ட் தினமும் பிழையின்றி ஓடும், டிஸ்க்கும் தினமும் நிரம்பும். ‘*.லாக்’ என்பதை மேற்கோள் குறிக்குள் எழுதினால் இந்தச் சிக்கலே இல்லை.

எதுவும் பொருந்தாதபோது பாஷ் குறியை அப்படியே அனுப்பும். இசட்ஷெல் என்ற இன்னொரு ஷெல் கட்டளையையே ஓட்டாமல் நிறுத்திவிடும். 2019இல் வந்த கேட்டலினா பதிப்பு முதல் மேக்கில் இசட்ஷெல்தான் இயல்பான ஷெல். ஆகவே லினக்ஸ் சர்வருக்கென எழுதிய கட்டளையை மேக்கில் ஒட்டுகிறவருக்கு வேறு அனுபவம் கிடைக்கும். எந்த ஷெல்லுக்கான கட்டளை என்பதைக் கையேட்டிலேயே எழுதிவிடுங்கள்.

‘-ஆர்எஃப்’ என்ற பெயரில் கோப்பு கிடந்தால், ‘ஆர்எம் *’ அதைக் கோப்பின் பெயராகப் பார்க்காமல், எதையும் கேட்காமல் டைரக்டரிகளையும் அழிக்கச் சொல்லும் ஆப்ஷனாக எடுத்துக்கொள்ளும். ‘ஆர்எம் ./*’ என்று எழுதுவது பாதுகாப்பு.

அழிக்கும் முன் ஆர்எம் இருக்கும் இடத்தில் ‘எக்கோ’ போட்டு ஓட்டிப் பாருங்கள், ஷெல் விரித்த பட்டியல் திரையில் வரும். பெயருக்குள் இடைவெளி இருக்கும் கோப்பு அதில் இரண்டு போலத் தெரியும். சந்தேகம் இருந்தால் ‘பிரிண்ட்எஃப்’ கொண்டு வரிக்கு ஒரு பெயராக அச்சிடுங்கள்.