வெளிநாட்டில் தொண்டா, படிப்பா? முடிவெடுக்கும் முன் சில சொற்கள்

வெளிநாட்டு வாய்ப்புகள் குறித்து மாணவர்களுக்கு ஆலோசனை வழங்கும் பணியில் இருப்பதால், "ஓராண்டு வெளிநாட்டில் இருக்க விரும்புகிறேன், படிக்கப் போகட்டுமா, தொண்டு செய்யப் போகட்டுமா?" என்ற கேள்வியை அடிக்கடி எதிர்கொள்கிறேன். இரண்டிலும் புதிய நாடும் புதிய மொழியும் கிடைப்பதால், ஒன்றுக்குப் பதில் மற்றொன்று என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். படிக்கச் செல்பவருக்காகவே அங்கே வகுப்பு நடக்கிறது. அவர் தடுமாறினால் இழப்பு பெரும்பாலும் அவருடையது. தொண்டு செய்யச் செல்பவர் தடுமாறினாலோ அந்த ஊர் மக்கள்தான் அதன் விளைவைச் சுமக்க நேரிடுகிறது.

படிப்புக்கான வழிகள் ஓரளவு சீரானவை. ஐரோப்பாவில் 1987-இல் தொடங்கிய எராஸ்மஸ் என்னும் மாணவர் பரிமாற்றத் திட்டத்தையொட்டி, படித்த அளவைப் புள்ளிகளாகக் கணக்கிடும் கிரெடிட் முறை வளர்ந்தது. அதில் ஓராண்டு முழுநேரப் படிப்பு 60 கிரெடிட்டாகக் கணக்கிடப்படுகிறது. எந்த முறையில் சென்றாலும், அங்கே படிக்கும் பாடங்களை உங்கள் கல்லூரி ஏற்குமா என்பதைப் புறப்படும் முன்பே எழுத்துமூலம் உறுதிசெய்துகொள்ளுங்கள். வாய்மொழி உறுதியை நம்பிச் சென்று, திரும்பி வந்து அதே பாடத்தை மறுபடியும் படிக்க நேர்ந்தவர்களை நான் அறிவேன்.

தொண்டில் நிலைமை வேறு. அமெரிக்க அரசு 1961-இல் தொடங்கிய பீஸ் கோர் அமைப்பில் வழக்கமான பணிக்காலம், பயிற்சியையும் சேர்த்து, 27 மாதங்கள். தொண்டரிடம் கட்டணம் வாங்குவதில்லை, வாழ்க்கைச் செலவுக்கு உதவித்தொகையும் தருகிறார்கள். 1970-இல் உருவான ஐ.நா. தொண்டர் திட்டமும் வாழ்க்கைப்படி வழங்குகிறது. இவற்றுக்கு நேர் எதிராக, கட்டணம் பெற்றுக்கொண்டு, முன்தகுதி எதுவும் கேளாமல், இரண்டு வாரங்களில் சேவையையும் சுற்றுலாவையும் சேர்த்து முடித்துத் தரும் நிறுவனங்கள் உள்ளன. கட்டணம் வாங்குவதே தவறு என்று நான் சொல்லவில்லை. தங்குமிடத்துக்கும் மேற்பார்வைக்கும் செலவு உண்டு. ஆனால் அந்தப் பணத்தில் எவ்வளவு பணி நடக்கும் ஊருக்குச் சேர்கிறது என்ற கேள்விக்கு நேரான பதில் வராவிட்டால், அந்த நிறுவனத்தைத் தவிர்ப்பதே நல்லது.

அநாதை இல்லங்களில் குறுகிய காலத் தொண்டு செய்வதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. கம்போடியாவில் இத்தகைய இல்லங்களில் வாழ்ந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருந்தது ஆய்வுகளில் தெரியவந்தது. வெளிநாட்டுத் தொண்டரும் நன்கொடையும் வந்துகொண்டே இருந்தால், வறிய குடும்பங்களிலிருந்து குழந்தைகளைப் பிரித்து இல்லங்களை நிரப்புவது சிலருக்கு வருமானமாகிவிடுகிறது. மேலும், இரண்டு வாரம் அன்பு காட்டிப் பிரியும் முகங்கள் அடுத்தடுத்து மாறுவது, பற்றுதலுக்கு ஏங்கும் பிள்ளையின் மனத்தைப் புண்படுத்துகிறது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய குழந்தை உரிமைத் தீர்மானமும், சுற்றுலாவோடு இணைந்த இத்தகைய தொண்டின் தீங்குகளைத் தடுக்குமாறு நாடுகளைக் கேட்டுக்கொண்டது.

மருத்துவம் பயில விரும்பும் மாணவர்களிடமும் ஒன்றை வற்புறுத்திச் சொல்கிறேன்: உங்கள் நாட்டில் உங்களுக்கு அனுமதியில்லாத ஊசியையோ தையலையோ, ஏழை நாட்டு நோயாளியின் உடலில் செய்து பார்க்க உங்களுக்கு உரிமையில்லை. கற்பதுதான் நோக்கமென்றால், கற்பிக்கும் பொறுப்பை ஏற்கும் ஒரு கல்வி நிறுவனத்துக்கே செல்லுங்கள். உங்களிடம் செவிலியம், கணக்கு, நீர்ப்பொறியியல் போன்ற தேர்ந்த திறன் ஒன்று இருந்து, அந்த ஊரார் அதை வேண்டும் என்று கேட்டிருந்தால், அப்போது தொண்டைத் தயங்காமல் எண்ணிப் பாருங்கள்.

விசாவிலும் கவனம் தேவை. ஊதியமில்லாத பணியையும் பல நாடுகள் வேலையாகவே கருதுகின்றன. "சுற்றுலா விசா போதும்" என்று ஏற்பாட்டாளர் சொன்னால், அந்நாட்டுத் தூதரகத்தின் விதிகளை நீங்களே படித்துப் பாருங்கள். பிரிட்டன், பார்வையாளராக வருபவரைப் பதிவுபெற்ற அறக்கட்டளை ஒன்றில் 30 நாள்கள் வரை மட்டுமே தொண்டு செய்ய அனுமதிக்கிறது. அதைவிட நீண்ட பணிக்கு வேறு விசா வேண்டும்.

இரண்டிலும் மனம் உள்ளவர்களுக்கு நான் பெரும்பாலும் சொல்வது, முதலில் படிக்கச் செல்லுங்கள் என்பதுதான். மாணவர் விசா இடம் தந்தால், ஒரு பருவம் முழுவதும் வாரந்தோறும் ஒரே அமைப்பில், உள்ளூர்ப் பொறுப்பாளர் ஒருவரின் கீழ், அவர் கொடுக்கும் சிறு வேலையைச் செய்யுங்கள். அதற்குள் மொழியும் ஓரளவு பிடிபட்டிருக்கும். நீண்ட பணிக்கு நீங்கள் தேவையா என்பதை அவர்களே சொல்லவும் முடியும்.