உங்கள் காரின் மூக்கு எந்த உயரத்தில் இருக்கிறது?

"அண்ணே, பேட்டரி போயிடுச்சுன்னு நினைக்கிறேன். செல்ஃப் அடிச்சா 'டக்'னு ஒரு சத்தம், அவ்வளவுதான்." கட்டி இழுத்து வந்த காரிலிருந்து இறங்கியதும் அந்தப் பையன் இதைத்தான் சொன்னான். முந்தின இரவு நல்ல மழை. தேங்கிய தண்ணீரைக் கடக்கும்போது என்ஜின் நின்றுவிட்டது. எத்தனை முறை செல்ஃப் அடித்தாய் என்று கேட்டேன். ஏழெட்டு முறை என்றான். அப்போதே எனக்கு வயிற்றைக் கலக்கியது.

பேட்டரியில் ஒரு குறையும் இல்லை. முன் பம்பரைக் கழற்றினேன். ஃபாக் லேம்புக்குப் பின்னால், கம்பெனி ஏர் பாக்ஸுக்குப் பதிலாக மாட்டிய கூம்பு வடிவ ஏர் ஃபில்டர் ஒன்று இருந்தது. கையால் அழுத்தினால் பிழியாத துணி போலத் தண்ணீர் வழிந்தது. ஸ்பார்க் பிளக் நான்கையும் எடுத்துவிட்டு என்ஜினைச் சுற்றியபோது மூன்றாவது சிலிண்டரிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்தது. அதே மாடல் கார் ஒன்று அவனுக்கு முன்னால் அதே தண்ணீரில் இறங்கி, ஒன்றும் ஆகாமல் ஏறிப் போயிருக்கிறது. "அவனுக்கு மட்டும் எப்படிண்ணே?" என்பதுதான் பையனின் கேள்வி.

பதில் எளிது. அந்தக் காரின் மூக்கு, அதாவது என்ஜின் காற்றை இழுக்கும் வாய், ஹெட்லைட் உயரத்தில் இருந்தது, இவன் காரின் மூக்கு பாதி டயர் உயரத்தில்.

கம்பெனி பொருத்தித் தரும் ஏர் பாக்ஸ் பார்க்க அழகாக இருக்காது. கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி, வளைந்து நெளிந்த குழாய். ஆனால் காற்றை உள்ளே எடுக்கும் வாய் பெரும்பாலும் ரேடியேட்டரின் மேல் விளிம்பை ஒட்டி, உயரத்தில் இருக்கும். சாரல் புகுந்தாலும் வளைவில் மோதிக் கீழே விழும், பெட்டியின் அடியில் இருக்கும் ஓட்டை வழியாக வடிந்துவிடும். அதற்குப் பதிலாக வெளியே வாங்கி மாட்டும் ஆஃப்டர் மார்க்கெட் கோல்டு ஏர் இன்டேக், இவன் காரில் இருந்தது போன்றது, வேறு கணக்கில் செய்யப்படுவது. குளிர்ந்த காற்றில் ஆக்சிஜன் அடர்த்தி அதிகம். அந்தக் காற்றுக்காக ஃபில்டரை என்ஜின் சூட்டிலிருந்து விலக்கி, பம்பருக்குப் பின்னாலோ ஃபெண்டருக்குள்ளோ (முன் சக்கரத்தை மூடும் தகடு) கீழே இறக்குகிறார்கள். வெயில் நாளில் அது சரியான இடம்தான். தண்ணீர் தேங்கிய சாலையில் அதைவிட மோசமான இடம் கிடையாது.

காரோடு வரும் கையேட்டில் எவ்வளவு ஆழமான தண்ணீரில் ஓட்டலாம் என்று சில கம்பெனிகள் ஓர் அளவு தருகின்றன. அது கம்பெனி ஏர் பாக்ஸை வைத்துச் சொன்ன அளவு. இன்டேக்கை மாற்றிய அன்றே அந்த எண் காலாவதியாகிவிட்டது. புது எண்ணை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். சமதளத்தில் காரை நிறுத்தி, டேப் எடுத்து, தரையிலிருந்து ஃபில்டரின் அடி விளிம்பு வரை அளந்து பாருங்கள். என்னிடம் வரும் பலர் வீல் எத்தனை இன்ச் என்று தூக்கத்திலும் சொல்வார்கள். இந்த அளவைக் கேட்டால் விழிப்பார்கள். அளந்ததை அப்படியே நம்பவும் வேண்டாம். கார் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும்போது பம்பருக்கு முன்னால் அலை எழும்புகிறது, எதிரே பெரிய வண்டி வந்தால் அது கிளப்பும் அலை வேறு. அதனால் நான் அந்த அளவில் பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தால் இறங்காதே என்றுதான் சொல்வேன்.

"ஃபில்டர் கீழே இருந்தாலும் குழாய் மேலே ஏறித்தானே என்ஜினுக்குப் போகிறது, தண்ணீர் அவ்வளவு தூரம் ஏறுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஸ்ட்ரா போட்டு உறிஞ்சினால் எப்படி ஏறுகிறதோ அப்படித்தான் ஏறும். 2 லிட்டர் என்ஜின் 3000 ஆர்.பி.எம்.மில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்த நிலையில் நொடிக்கு ஏறத்தாழ 50 லிட்டர் காற்றை இழுக்கும். ஃபில்டர் முழுக்க மூழ்கிவிட்டால் அந்த இழுப்பு தண்ணீர்மேல் திரும்பும். பெரிய பள்ளமோ வெள்ளமோ தேவையில்லை, ஓரிரு நொடி மூழ்கினால் போதும்.

உள்ளே போகும் தண்ணீர் எவ்வளவு இருந்தால் ஆபத்து? காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. அதே 2 லிட்டர், நான்கு சிலிண்டர் என்ஜினில் ஒரு சிலிண்டர் 500 சி.சி. கம்ப்ரஷன் விகிதம், அதாவது உள்ளே இழுத்த காற்று எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பது, 10:1 என்றால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிச்சமிருக்கும் இடம் சுமார் 55 மில்லிலிட்டர். சின்ன டம்ளரில் பாதிகூட இல்லை. அதற்கு மேல் தண்ணீர் இருந்தால் பிஸ்டன் பாதி வழியில் சுவரில் மோதியது போல நிற்கும். கீழே சுழலும் தண்டான கிராங்க் சும்மா இருக்காது, தள்ளும். நடுவில் மாட்டிக்கொண்டு வளைவது, இரண்டையும் இணைக்கும் கனெக்டிங் ராடு. இதைத்தான் ஹைட்ரோலாக் என்கிறோம். டீசல் என்ஜினில் கம்ப்ரஷன் 16:1 அளவில் இருக்கும்போது அந்த இடம் இன்னும் சுருங்கி 33 மில்லிலிட்டராகிவிடுகிறது.

வேகம் கூடக் கூட அடியும் கூடும். ஐட்லிங்கில் தண்ணீர் குடித்த என்ஜின் பல நேரம் அப்படியே அணைந்துவிடும், ராடு தப்பிக்கும். ஆக்ஸிலரேட்டரை மிதித்துக்கொண்டு போனது தப்பிக்காது. "தண்ணியில விடாம ரேஸ் பண்ணிக்கிட்டே போ, சைலன்சர்ல தண்ணி ஏறாது" என்ற பழைய அறிவுரையை, ஃபில்டரைக் கீழே இறக்கியவர்கள் தயவுசெய்து மறந்துவிட வேண்டும். பின்பக்கத்தைக் காப்பாற்றப் போய் முன்பக்கம் குடித்துவிடும்.

சரி, சாதாரண மழையில் ஓட்டலாமா? தாராளமாக. ஈரக் காற்றும் ஃபில்டரில் படும் சாரலும் என்ஜினை ஒன்றும் செய்யாது. இந்தப் பயத்தில் ஃபில்டரைச் சுற்றி பாலித்தீன் கவர் கட்டிக்கொண்டு வந்த ஒருவரைப் பார்த்திருக்கிறேன். கார் மூச்சுத் திணறித்தான் வந்து சேர்ந்தது.

ஆனால் டயர் வாரி அடிக்கும் தண்ணீர் வேறு விஷயம். இங்கேதான் ஃபிட்டிங் செய்பவர்களின் சோம்பேறித்தனம் வெளிப்படும். ஃபெண்டருக்குள் ஃபில்டரை நுழைக்க, வீலுக்கு மேலே இருக்கும் பிளாஸ்டிக் லைனரைக் கழற்றுவார்கள். திரும்ப மாட்டும்போது இடிக்கிறது என்று பாதியை வெட்டிவிடுவார்கள், அல்லது மாட்டாமலே அனுப்பிவிடுவார்கள். அந்தப் பையனின் காரிலும் லைனர் இல்லை. முன் சக்கரம் ஃபில்டரை நேரடியாகக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தது. வண்டியை எடுக்கும் முன் வீலைத் திருப்பி உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். ஃபில்டர் கண்ணுக்குத் தெரிந்தால் வேலை முடியவில்லை என்று அர்த்தம்.

பாதுகாப்புக்கென்று கடையில் இரண்டு பொருள் கிடைக்கும். ஒன்று, தண்ணீர் ஒட்டாத துணியுறை. ஃபில்டர்மேல் சாக்ஸ் போல மாட்டுவது. தெறிப்புக்கு நல்லது, நானே பரிந்துரைக்கிறேன், மூழ்கினால் பயனில்லை. அதையும் அழுக்கேறவிடாமல் துவைத்துப் போட வேண்டும். மற்றொன்று பைபாஸ் வால்வு. ஃபில்டருக்கும் என்ஜினுக்கும் நடுவே, உயரமான இடத்தில் பொருத்துவது. கீழே ஃபில்டர் அடைபட்டதும் இழுப்பு அதிகமாகி வால்வு திறந்து, மேலேயிருந்து காற்றை விடும். தண்ணீர் வால்வு உயரத்துக்கு வந்துவிட்டால் அதுவும் வேடிக்கைதான் பார்க்கும். டர்போ வண்டிக்குப் போடக்கூடாது. குழாயின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை போடச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். ஃபில்டருக்கு அப்புறம் போடும் எந்த ஓட்டையும் தூசியை நேராக என்ஜினுக்குள் அனுப்பும் வழி. அதைச் செய்யாதீர்கள்.

என் கணக்கில் இவை எல்லாவற்றையும் விட நம்பகமானது உயரம். பல கோல்டு ஏர் இன்டேக்குகள் இரண்டு துண்டுக் குழாயாக வருகின்றன. மழைக்காலத்தில் கீழ்த்துண்டைக் கழற்றிவிட்டு ஃபில்டரை பானட்டுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளலாம். சூடான காற்றால் கொஞ்சம் சக்தி குறையும், குறைந்துவிட்டுப் போகட்டும். அதைவிட நல்லது, கம்பெனி ஏர் பாக்ஸைத் திரும்ப மாட்டுவது.

இவ்வளவுக்குப் பிறகும் தண்ணீரில் என்ஜின் நின்றுவிட்டால், சாவியிலிருந்து கையை எடுங்கள். செல்ஃப் அடிக்கவே கூடாது, ஒரு முறைகூட. தள்ளி ஸ்டார்ட் செய்யவும் கூடாது. காரை இழுத்து மேட்டில் நிறுத்துங்கள். மெக்கானிக் முதலில் ஃபில்டரையும் குழாயையும் கழற்றி உள்ளே ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பார். இருந்தால் பிளக்குகளை எடுத்துவிட்டு, கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றுவார். டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் ஆயிலோடும் தண்ணீர் கலந்துவிட்டது. ஸ்டார்ட் ஆகிவிட்டது என்ற சந்தோஷத்தில் அப்படியே கிளம்பிவிடாமல், ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் தருகிறது என்று பார்க்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். லேசாக வளைந்த ராடோடும் என்ஜின் ஓடும், சில வாரம் ஓடவும் செய்யும். அப்புறம் ஒருநாள் ராடு உடைந்து என்ஜின் பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும்.

இன்ஷூரன்ஸ் பாலிசியையும் ஒருமுறை எடுத்துப் படித்துவிடுங்கள். என்ஜினுக்குள் தண்ணீர் போவதைத் தனியாக எழுதியிருப்பார்கள். இன்டேக்கை மாற்றியதைத் தெரிவித்திருக்க வேண்டுமா என்பதும் அதில்தான் இருக்கும்.

அந்தப் பையன் காரில் ஒரு ராடு வளைந்திருந்தது. மற்ற மூன்றும் தப்பின. எல்லாம் பிரித்து மாட்டி முடித்ததும், பழைய ஏர் பாக்ஸ் எங்கே என்று கேட்டேன். வீட்டில் இடத்தை அடைக்கிறது என்று தூக்கிப் போட்டுவிட்டானாம். செகண்ட் ஹேண்டில் ஒன்றைத் தேடிப் பிடிக்க இரண்டு வாரம் அலைந்தோம். இப்போது வருஷா வருஷம் முதல் மழைக்கு முன்னாலேயே போன் வந்துவிடுகிறது: "அண்ணே, பாக்ஸ் மாத்தணும், நாளைக்கு வரட்டுமா?"