ஸொம்பி வந்தால் வன்னியில் எத்தனை நாள் தாங்கலாம்?

கிளிநொச்சியில் நான் படிப்பிக்கும் பதினோராம் ஆண்டு விஞ்ஞான வகுப்பில், தொற்றுநோய்ப் பாடத்துக்கு நடுவில் ஒரு பெடியன் கையை உயர்த்தினான். "சேர், ஸொம்பி வந்தா எங்க ஓடுறது?" செத்தும் நடந்து திரிந்து, ஆட்களைக் கடித்துத் தங்களைப்போலவே மாற்றிவிடும் சினிமாப் பிணங்களைத்தான் கேட்கிறான்.

இரண்டு நிமிடத்தில் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது. முத்தையன்கட்டுக் காட்டுக்குள் போய்விட்டால் ஒருவருக்கும் கண்டுபிடிக்க ஏலாது என்றார்கள் சிலர். கேற்றைப் பூட்டிவிட்டு வீட்டுக்குள்ளேயே இருப்பதுதான் சரி என்றார்கள் மற்றவர்கள். பின்வாங்கில் இருந்த பிள்ளை ஒருத்தி மெதுவாகச் சொன்னாள்: "எங்கட அம்மாவைக் கேட்டாத் தெரியும் சேர், என்னத்தை எடுக்கிறது, என்னத்தை விட்டிட்டுப் போறது எண்டு." அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் யாரும் கதைக்கவில்லை.

அந்தக் கேள்வியைச் சிரித்துக் கடத்திவிட எனக்கு மனம் வரவில்லை. 2011 மே மாதத்தில் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு நிலையமே, ஸொம்பி வந்தால் என்ன செய்வது என்று ஓர் அறிவுரை வெளியிட்டது. வாசிக்க வந்த கூட்டத்தில் அவர்களுடைய இணையத்தளம் முடங்கிப்போனது. புயலுக்கும் பூகம்பத்துக்கும் கொள்ளைநோய்க்கும் வேண்டிய ஆயத்தம்தான் இதற்கும் வேண்டும் என்பதே அவர்கள் சொல்லவந்த செய்தி. நாங்கள் அடுத்த மூன்று பாடவேளையை இதற்கே செலவழித்தோம்.

முதலில் கணக்கு. தொற்றுநோய் பரவுவதைக் கணிக்க 1927 இல் கேர்மாக், மக்கென்ட்றிக் என்ற இருவர் எளிமையான ஒரு வழி சொன்னார்கள். சனங்களை மூன்று பெட்டியாகப் பிரிக்க வேண்டும்: இன்னும் தொற்றாதவர், தொற்றியவர், சுகமாகியோ இறந்தோ கணக்கை விட்டு விலகியவர். ஒருவர் எத்தனை பேருக்குக் கொடுக்கிறார், எவ்வளவு கெதியாக விலகுகிறார் என்ற இரண்டும் தெரிந்தால் நோயின் போக்குத் தெரிந்துவிடும். சின்னமுத்து வந்த பிள்ளை, தடுப்பூசியே இல்லாத ஊரில், 12 முதல் 18 பேருக்குக் கொடுத்துவிடும். ஆனால் ஒன்றரைக் கிழமைக்குள் தானாகவே தொற்றுப் பெட்டியை விட்டு வெளியே வந்துவிடும்.

ஸொம்பி தானாக வெளியே வராது. அதுதான் இங்கே உள்ள பெரிய சிக்கல். யாராவது அதை எதிர்கொண்டு விலக்க வேண்டும். கனடாவைச் சேர்ந்த கணிதவியலாளர் சிலர் 2009 இல் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள். ஆறுதலாக நடவடிக்கை எடுத்தால் மனிதர் தோற்கிறார்கள். தொடக்கத்திலேயே வேகமாகவும் திரும்பத் திரும்பவும் அடித்தால் மட்டும் தப்புகிறார்கள் என்று விடை வந்தது. 2015 இல் கோர்ணெல் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இன்னும் நுணுக்கமாகப் பார்த்தார்கள். வகுப்பில் நாங்கள் விளையாடியது அவர்களின் கணக்கைத்தான்.

பத்துத் துண்டுக் கடதாசி. ஆறில் "கடி", நான்கில் "அடி" என்று எழுதி மடித்துக் குலுக்குகிறோம். ஒரு ஸொம்பியும் ஒரு மனிதரும் சந்திக்கும்போது ஒரு சீட்டு எடுக்க வேண்டும். கடி என்றால் ஸொம்பி ஒன்று கூடும். அடி என்றால் ஒன்று குறையும். எடுத்த சீட்டைத் திரும்பப் போட்டுவிட வேண்டும். பார்த்தால் ஸொம்பியின் பக்கமே பாரம் கூட. ஆனால் ஒரே ஒரு ஸொம்பியுடன் தொடங்கிய பன்னிரண்டு குழுவில் ஏழு குழுவின் ஸொம்பிகள் முழுதாக அழிந்துபோயின. பிள்ளைகள் நம்பவில்லை, திரும்ப ஆடிப் பார்த்தார்கள். கணக்கின்படியும் அப்படித்தான். ஒன்றில் தொடங்கினால் அழிந்துபோகும் வாய்ப்பு ஆறுக்கு நான்கு, அதாவது மூன்றில் இரண்டு பங்கு. மூன்று ஸொம்பியுடன் தொடங்கினால் அது 27 இல் 8 ஆகக் குறையும். பத்து என்றால் நூறு தடவையில் இரண்டு தடவைகூடத் தப்ப முடியாது. அதே சீட்டுகள், அதே மனிதர்கள். தொடங்கும் நேரம் மட்டும்தான் வித்தியாசம்.

இப்போது ஊருக்கு வருவோம். 2012 குடிசன மதிப்பீட்டின்படி முல்லைத்தீவு மாவட்டத்தில் ஏறக்குறைய 92 ஆயிரம் பேர். ஒரு சதுர கிலோமீற்றருக்கு 40 பேர்கூட இல்லை. இலங்கையிலேயே சனம் மிக ஐதாக இருக்கும் மாவட்டம் அது. கொழும்பு மாவட்டத்தில் அதே பரப்பில் 3 ஆயிரத்துக்கும் மேல். அப்படியென்றால் வன்னிக்காரர் தப்பிவிடுவார்களா? கோர்ணெல் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். சனம் ஐதாக இருப்பதால் சீட்டில் உள்ள கடியும் அடியும் மாறாது. ஒரு சந்திப்பில் யார் வெல்வார் என்பது கொழும்பிலும் ஒட்டுசுட்டானிலும் ஒன்றுதான். மாறுவது, சீட்டு எடுக்கும் நேரம் எப்போது வருகிறது என்பது. பெரிய நகரங்கள் முதலில் விழ, அமெரிக்காவின் வடக்கு றொக்கி மலைப்பக்கம் கடைசிவரை தாக்குப்பிடித்ததாக அவர்களின் கணினி காட்டியதும் இதனால்தான். வன்னிக் காடு எங்களுக்குத் தருவது நேரம்.

எவ்வளவு நேரம்? வவுனியாவில் ஒரு ஸொம்பி நிற்கிறது என்று வைப்போம். ஏ9 வீதியால் கிளிநொச்சிக்கு ஏறக்குறைய 75 கிலோமீற்றர். மணிக்கு 3 கிலோமீற்றர் வீதம் நேரே நடந்தால் 25 மணித்தியாலத்தில், ஒரு நாளில், வந்துவிடும். ஆனால் இலக்கில்லாமல் அலையும் ஒன்று நேரே நடக்காது. மணிக்கொருமுறை நினைத்த பக்கம் திரும்பும் என்றால், நேரே நடந்தால் 25 மணித்தியாலத்தில் எட்டும் தூரத்துக்குப் போக 25 ஐ 25 ஆல் பெருக்கிய அளவு, 625 மணித்தியாலம் வேண்டும். 26 நாள்! வெறிகாரன் நடையைப் பார்த்திருப்பீர்கள். இரவெல்லாம் நடந்தும் தவறணையிலிருந்து பத்து யார் தாண்டியிருக்க மாட்டான். அசையாத தண்ணீரில் மை மெல்லப் பரவுவதும் இதே விதியால்தான்.

ஒரு நாளுக்கும் 26 நாளுக்கும் நடுவில் இருப்பது வெளிச்சமும் சத்தமும் நேரான றோட்டும். ஜெனறேற்றரை இரவு முழுக்க ஓடவிட்டால் அலைவதற்கு நாங்களே இலக்குக் கொடுக்கிறோம். ஆகவே ஏ9 இலிருந்து உள்ளே விலகியிருப்பது, இருட்டிய பிறகு வெளிச்சத்தை அடக்குவது. ஜாம் போத்தலுக்குள் துளி மண்ணெண்ணெய் விட்டுச் சிக்கன விளக்கில் படித்தவர்கள், சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டவர்கள் இங்கே எல்லா ஒழுங்கையிலும் இருக்கிறார்கள். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் வாழ்ந்த தலைமுறைக்கு இதைப் படிப்பிக்கத் தேவையில்லை. காவலுக்கும் ஆள் கூலிக்குப் பிடிக்க வேண்டாம். குளத்துப் பக்கம் இரவில் யார் அசைந்தாலும் ஆட்காட்டிக் குருவி கத்தித் தொலைத்துவிடும். பெயரே அதுதானே.

ஆனால் கணக்கு ஓரிடத்தில் உடையும். கடிபட்டவர் மாறுவதற்கு இரண்டு நாள் எடுக்கும் என்றால், அவர் நடந்து வரமாட்டார், பஸ்ஸில் ஏறி வருவார். உண்மையான நோய்கள் பலவும் இப்படித்தான் பயணம் செய்கின்றன. நோய் வெளியே தெரியாத அந்த இடைவெளியில்.

அப்புறம், உயிரியல். இந்தப் பிராணி உண்மையில் சாத்தியமா? செத்த உடம்பு நடக்காது. தசை சுருங்குவதற்கு மட்டுமல்ல, சுருங்கிய தசை இளகுவதற்கும் ஏரிபி என்ற சக்தி மூலக்கூறு வேண்டும். மூச்சு நின்றால் அது தீர்ந்துபோகும். சில மணித்தியாலத்தில் உடம்பு கட்டையாக விறைப்பது அதனால்தான். ஆவணி வெயிலில் குளத்து அலைகரையில் செத்துக் கிடக்கும் மாட்டைப் பார்த்தவர்களுக்கு மிச்சக் கதை தெரியும். ஈ வருவதற்கு ஒரு மணித்தியாலம்கூடத் தேவையில்லை. இரண்டு கிழமையில் எலும்பும் தோலும்தான். ஆகவே ஸொம்பி இருந்தால், அது உயிரோடு இருக்கும் நோயாளியாகத்தான் இருக்க வேண்டும். உயிர் இருந்தால் தண்ணீர் வேண்டும்.

உயிரோடு இருப்பதை ஆட்டிவைக்கும் வித்தை இயற்கையில் நிறைய உண்டு. எங்கள் கிணற்றடியில் ஒருநாள் நானே பார்த்தேன். மரகதப் பச்சை நிறத்தில் மினுங்கும் ஒரு சின்னக் குளவி, தன்னைவிடப் பெரிய கரப்பொத்தானை உணர்கொம்பில் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக நடந்தது. கரப்பொத்தான் ஆறு காலாலும் நல்லபடி நடந்து, கயிற்றில் கட்டிய கன்று மாதிரிப் பின்னால் போனது. குளவி அதை இரண்டு தடவை குத்துகிறது. முதல் குத்து நெஞ்சில். முன்கால்கள் சில நிமிடம் செயலிழக்கும். இரண்டாவது தலைக்குள், தானாக நடக்கத் தொடங்கும் உந்துதல் எங்கே பிறக்கிறதோ சரியாக அந்த இடத்தில். அதன் பிறகு அதற்குத் தப்பியோடத் தோன்றாது. பொந்துக்குள் கூட்டிப்போய், காலில் ஒரு முட்டையை ஒட்டிவிட்டு, வாசலைக் கல்லால் மூடிவிடும். முட்டையில் வரும் புழு கரப்பொத்தானை உயிரோடு தின்னும். நான் கையில் வாளியோடு அப்படியே நின்றுவிட்டேன். எறும்பை மரத்தில் ஏற்றி, இலை நரம்பைக் கவ்வவைத்துக் கொல்லும் பூஞ்சணமும் இந்தக் குடும்பத்துக் கதைதான்.

மனிதரிடம் இதற்கு மிக அருகில் வருவது விசர்நாய்க்கடி. கடியால் பரவும், எச்சிலில் இருக்கும், மூளையைப் பிடிக்கும், குணத்தை மாற்றும். நாயை ஆத்திரமாக்கிக் கடிக்கவைத்தால்தான் கிருமி அடுத்த உடம்புக்குப் போகலாம். விழுங்கும்போது தொண்டைத் தசை இழுத்துப்பிடிப்பதால் தண்ணீரைக் கண்டாலே பயம் வரும். எச்சிலும் வாயிலேயே தங்கும். நோய்க்குறி தெரிந்துவிட்டால் கிட்டத்தட்ட எல்லாருமே இறக்கிறார்கள்.

ஆனால் இந்தக் கிருமி இரத்தத்தில் ஓடாது. கடித்த இடத்து நரம்பைப் பிடித்து, ஒரு நாளைக்குச் சில சென்ரிமீற்றர் என்ற கணக்கில் மூளைக்கு ஊர்ந்து போகிறது. பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம் எடுக்கும். அந்த இடைவெளிதான் எங்களுக்கு உள்ள கதவு. 1885 இல் லூயி பாஸ்ரர், கடிபட்டுவிட்ட ஒன்பது வயதுச் சிறுவனுக்குத் தடுப்பூசி போட்டுக் காப்பாற்றியதும் அந்தக் கதவால் நுழைந்துதான். கிருமியின் வெளிப்போர்வை கொழுப்பு. சவர்க்காரம் கொழுப்பைக் கரைக்கும். கடிபட்ட உடனே ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்ட வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சின்னக் கீறல்தானே என்று ஒருநாளும் விடாதீர்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

இங்கேயும் அதே கணக்குத்தான் வேலை செய்கிறது. ஒரு விசர்நாய் சராசரியாக இரண்டு நாய்க்கும் குறைவாகவே நோயைக் கொடுக்கிறது. ஆகவே ஊர் நாய்களில் நூற்றுக்கு 70 க்கு ஊசி போட்டால் போதும், சங்கிலி அறுந்துவிடும். நுளம்பை முழுதாக ஒழிக்காமலே மலேரியாவை ஒழிக்கலாம் என்று மலேரியா ஆய்வாளர் றொனால்ட் றொஸ் நூறு வருடத்துக்கு முன் சொன்னதும் இதையே. அதை விளங்கிக்கொண்டு பாதியில் விட்டால் என்ன நடக்கும் என்பதையும் இந்தத் தீவு பார்த்திருக்கிறது. 1963 இல் நாடு முழுக்க 17 மலேரியா நோயாளிகள்தான் பதிவானார்கள். கவனம் தளர்ந்தது. அந்தப் பத்தாண்டு முடியும்போது ஐந்து இலட்சத்துக்கும் மேல். 2012 இற்குப் பிறகு மூன்று வருடத்துக்கு மேல் உள்ளூரில் ஒருவருக்கும் தொற்றவில்லை. 2016 இல் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்தது. குலைப்பன் காய்ச்சலில் கிடந்து நடுங்கிய வன்னிக்கு இது சின்ன விசயம் இல்லை.

சரி, வீட்டுத் திட்டம். தண்ணீர் குடிக்காத ஸொம்பி ஒரு கிழமை தாண்டாது. தாராளமாக மூன்று கிழமை என்று வைப்போம். ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லீற்றர், ஐந்து பேர், 21 நாள்: 420 லீற்றர். நீல நிறப் பிளாஸ்ரிக் பீப்பா ஒன்று 210 லீற்றர் பிடிக்கும். இரண்டு பீப்பா போதும். விறகு முடிந்தால், தெளிந்த தண்ணீரை நிறமில்லாத பிளாஸ்ரிக் போத்தலில் நிரப்பி நல்ல வெயிலில் ஆறு மணித்தியாலம் வைக்கலாம். புற ஊதாக்கதிர் கிருமிகளைக் கொல்லும். சாப்பாட்டுக்குப் புழுக்கொடியல், ஒடியல், பனாட்டு, கருவாடு, புழுங்கலரிசி. ஈரம் போதாத இடத்தில் நுண்ணுயிர் பெருகாது, அதனால்தான் புழுக்கொடியல் மாதக்கணக்கில் கிடக்கிறது. அம்மாமாருக்குத் தெரிந்த வேதியியல் அது.

பிள்ளைகள் பட்டியலைப் பலகையில் எழுதினார்கள். தண்ணீர், மருந்து, அடையாள அட்டை, பற்றரி, கத்தி. பின்வாங்குப் பிள்ளை எழும்பி வந்து கத்தியை அழித்துவிட்டுச் சவர்க்காரம் என்று எழுதினாள். அடுத்த கிழமை எங்கள் பக்கம் நாய்களுக்கு ஊசி போட வந்தார்கள். கேள்வி கேட்ட பெடியன் தன்னுடைய வெள்ளையனைச் சைக்கிள் ரியூப்பில் கட்டி இழுத்துக்கொண்டு நின்றான். பக்கத்து வளவு நாய்கள் இரண்டும் அவன் பின்னால் நின்றன.